கரோதர்ஸ் ஒதுக்கிவைத்த இழை

நீடித்து உழைப்பது நல்ல பொருள், விரைவில் சிதைவது மட்டமான பொருள் என்று கருதுவது நம் வழக்கம். இந்த அளவுகோல் எங்கே பொய்க்கிறது என்று எண்ணும்போதெல்லாம், நெடுங்காலம் பொருளியல் கற்பித்த எனக்கு நினைவில் வருவது ஒரு பொருளியலறிஞரின் வாழ்க்கை அன்று. நைலானை உலகுக்குத் தந்த வேதியியலாளர் வாலஸ் கரோதர்ஸின் வாழ்க்கை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பர்லிங்டன் நகரில் 1896 ஏப்ரல் 27 அன்று அவர் பிறந்தார். தந்தை வணிகக் கல்லூரி ஆசிரியர். மகன் முதலில் பயின்றது கணக்கியல். மனம் நாடியதோ வேதியியலை. டார்க்கியோ கல்லூரியில் மாணவராக இருந்தபோதே வேதியியல் கற்பிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1924-இல் முனைவர் பட்டம் பெற்று, ஹார்வர்டில் ஆசிரியரானார். தொழில் பயன் கருதாத அடிப்படை ஆராய்ச்சிக்கென டூபாண்ட் நிறுவனம் அழைத்தபோது, தமக்கு அவ்வப்போது நேரும் மனச்சோர்வை எண்ணித் தயங்கினார். பின்னர் இசைந்து 1928-இல் அங்கே சேர்ந்தார்.

பட்டு, ரப்பர் போன்றவை மிக நீண்ட மூலக்கூறுகளால் ஆனவையா, சிறு மூலக்கூறுகளின் திரள்களா என்பது அன்றைய பெரும் விவாதம். வாதிடுவதைவிட அத்தகைய மூலக்கூறைக் கட்டிக் காட்டுவதே மேல் என்று கரோதர்ஸ் கருதினார். இரு முனைகளிலும் அமிலத்தன்மை கொண்ட பொருளையும் இரு முனைகளிலும் ஆல்கஹால் தன்மை கொண்ட பொருளையும் சங்கிலிபோல் கோத்தார். ஒவ்வொரு கண்ணியும் ஓர் எஸ்டர் பிணைப்பு. ஒவ்வொன்று உருவாகும்போதும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். அந்த நீரை அகற்றாவிட்டால் வினை பின்னோக்கித் திரும்பும். வெப்பமும் வெற்றிடமும் கொண்டு நீரை அகற்ற, சங்கிலி நீண்டது. 1930 ஏப்ரலில் அவருடைய உதவியாளர் ஜூலியன் ஹில் அந்தக் குழம்பிலிருந்து நூல் இழுத்தார். இழுக்க இழுக்க அது பட்டுப்போல் மினுங்கி வலுப்பெற்றது.

ஆயினும் அந்தப் பாலியெஸ்டர் நூலுக்குச் சந்தையில் இடமில்லை. 100 பாகை செல்சியசுக்குள்ளேயே உருகியது; வெந்நீர் பட்டால் நலிந்தது. சலவையைத் தாங்காத துணியை யார் வாங்குவார்? நிறுவனத்தில் ஆராய்ச்சியை வழிநடத்த வந்த புதியவரும் விற்கத்தக்க பொருளையே எதிர்பார்த்தார். கரோதர்ஸ் அந்த இழையை ஒதுக்கிவிட்டு வேறு பிணைப்பை நாடினார். 1935 பிப்ரவரி 28 அன்று நைலான் பிறந்தது.

அதன் வெற்றியைக் காண அவர் இருக்கவில்லை. 1936-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. அவரோ தாம் எதையும் சாதிக்கவில்லை என்றே நம்பினார். மறு ஆண்டு தொடக்கத்தில் அன்புத் தங்கை இறந்தார். 1937 ஏப்ரல் 29 அன்று, 41-ஆம் வயதில், கரோதர்ஸ் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய மகள் பிறந்தது அதற்குப் பின்னரே. 1940 மே மாதத்தில் நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தன. 1941-இல் இங்கிலாந்தின் வின்ஃபீல்டும் டிக்சனும் வளைய அமைப்புள்ள வேறோர் அமிலத்தைச் சேர்த்து, வெந்நீருக்கும் அசையாத பாலியெஸ்டரை உருவாக்கினர். இன்று நம் சட்டையிலும் குடிநீர்ப் புட்டியிலும் இருப்பது அதுதான். குப்பைமேட்டிலும் ஆற்றிலும் அழியாமல் கிடப்பதும் அதுதான்.

கரோதர்ஸ் ஒதுக்கிய இழையின் கதை அங்கே முடியவில்லை. நெய்யிலும் எண்ணெயிலும் உள்ளது அதே எஸ்டர் பிணைப்பு. அதை அறுக்கும் லிப்பேஸ் என்னும் நொதி நம் செரிமானத்திலும் உண்டு, பூஞ்சைகளிலும் உண்டு. அந்நொதி இவ்வகைப் பாலியெஸ்டரையும் சிதைக்கும் என்று 1977-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். நீர் மிகுந்த இடத்தில் பிணைப்பை அறுக்கும் அந்த நொதியே, நீர் குறைந்த இடத்தில் பிணைப்பைக் கட்டவும் செய்யும். வழக்கமான முறையில் 200 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும் உலோக வினையூக்கியும் வேண்டும்; நொதிக்கு 100 பாகைக்கும் குறைந்த வெப்பமே போதும். உலோக எச்சமும் தங்காது. மருந்தைச் சுமந்து உடலுக்குள் சென்று கரைய வேண்டிய பொருள்களுக்கு இதன் அருமை பெரிது.

தடையாக நிற்பது விலை. நொதி விலையுயர்ந்தது, பெட்ரோலிய நெகிழி மலிவானது. ஆனால் இந்த மலிவு முழுக் கணக்கு அன்று. ஒருவர் செயலின் செலவு விலையில் சேராமல் பிறர் தலையில் விழுவதைப் பொருளியலறிஞர் பிகூ 1920-இலேயே விளக்கினார். புட்டியைப் பொறுக்குபவரின் உழைப்பும், வாய்க்காலைத் தூர்வாரும் ஊராட்சியின் செலவும், மாட்டின் வயிற்றில் சேரும் பையின் கேடும் எந்த விலைச்சீட்டிலும் இல்லை.

மக்கும் பாலியெஸ்டர் எல்லாம் எங்கும் தானே மக்கிவிடும் என்று நம்புவதும் தவறு. சிலவற்றுக்கு உரக்குழியின் வெப்பம் வேண்டும். தரம்பிரித்துச் சேகரிக்கும் ஏற்பாடும் வேண்டும். மீன்வலையும் கயிறும் நீடித்து உழைக்கத்தான் வேண்டும். பத்து நிமிடப் பயனுக்கான உறை நூற்றாண்டு வாழ்வதுதான் முறையன்று.

ஆகவே, பொருளின் முடிவுக்கான செலவை அதன் விலையிலேயே சேர்க்கும் வரியை அரசு விதிக்கட்டும். அந்த வருவாயில் ஒரு பங்கு நொதி ஆராய்ச்சிக்குச் செல்லட்டும். 1930-இல் கரோதர்ஸின் இழை குறையுள்ளதாகத் தோன்றியது, அன்றைய பேரேட்டில் குப்பைக்கென ஒரு பத்தி இல்லாததால்தான். அந்தப் பத்தியை இன்றும் நாம் வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.