எல்லைப்புறத்து மனிதர் ரொபேர் ஷூமான்

பாகூர் வட்டாரத்து உழவர்க்கு எல்லைக்கோடு புதிதன்று. ஓர் ஊர் பிரெஞ்சிந்தியாவிலும் அடுத்த ஊர் தென்னார்க்காட்டிலுமாகப் பிரிந்து கிடந்த மண் அது. 1949இல் இந்திய அரசு சுங்கக் காவலை ஏற்படுத்திய பின்னர், வில்லியனூரிலிருந்து நெல் மூட்டையுடன் அயலூர் செல்வோரும் சோதனைக்கு உள்ளாயினர். அக்காலத்தில் பாரிசில் வெளியுறவு அமைச்சராக விளங்கிய ரொபேர் ஷூமானும் எல்லையின் கொடுமையைப் பிறப்பிலேயே அறிந்தவர்தாம்.

அவருடைய தந்தையார் லொரேன் பகுதியினர். 1871இல் அது ஜெர்மனியின் வசமானபோது பிரெஞ்சுக்காரரான அவர் ஜெர்மானியரானார். 1886 ஜூன் 29இல் லுக்சம்பர்க்கில் பிறந்த மகனும் ஜெர்மானியக் குடிமகனாகவே வளர்ந்து, ஜெர்மனியில் சட்டம் பயின்று, மெட்ஸ் நகரில் வழக்கறிஞரானார். முதல் உலகப்போர் முடிந்ததும் லொரேன் பிரான்சுக்குத் திரும்பியது. ஷூமான் இருந்த இடத்திலேயே பிரெஞ்சுக்காரரானார். 1919இல் பிரெஞ்சு நாடாளுமன்றம் புகுந்தார். 1940 ஜூலையில் பெத்தேனுக்கு முழு அதிகாரம் வழங்க வாக்களித்தது அவர் வாழ்வில் மறைக்கவொண்ணாத மறு. அதே ஆண்டு கெஸ்டபோ அவரைச் சிறைப்படுத்தியது. 1942இல் தப்பியவர், விடுதலை வரும்வரை தலைமறைவாகவே திரிந்தார்.

அவர் பிரதமராக இருந்த 1948 ஜூனில், இந்தியாவிலுள்ள பிரெஞ்சுப் பகுதிகளின் எதிர்காலத்தை அம்மக்களே முடிவு செய்வர் என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. வெளியுறவு அமைச்சரான பின் 1951 பிப்ரவரியில் சந்திரநாகூரை இந்தியாவிடம் ஒப்படைக்கும் உடன்படிக்கை பாரிசில் கையெழுத்தாயிற்று. புதுச்சேரியோ காத்துக்கிடந்தது. காலனிகளை விட்டுக்கொடுப்பதில் அந்நாளைய பாரிசு காட்டிய தயக்கம், ஐரோப்பியப் பகையைத் தீர்ப்பதில் ஷூமான் காட்டிய துணிவுக்குச் சற்றும் ஒவ்வாதது.

அத்துணிவின் சாரம் எளியது. பீரங்கி செய்ய உருக்கு வேண்டும். உருக்குக்கு நிலக்கரி வேண்டும். ஜெர்மனியின் ரூர் நிலக்கரியும் லொரேன் இரும்பும் பொது ஆணையம் ஒன்றின்கீழ் வந்துவிட்டால், ஒரு நாடு மற்றதை அறியாமல் படைக்கலம் குவிப்பது அரிதாகிவிடும். திட்டத்தை வரைந்தவர்கள் ழான் மொனேயும் அவர்தம் குழுவினருமே. எனினும் போர் ஓய்ந்து ஐந்தே ஆண்டுகளில், பகை நாட்டுடன் பங்காளியாகும் யோசனையைத் தம் பொறுப்பில் ஏற்க ஓர் அமைச்சர் வேண்டியிருந்தார். ஜெர்மன் தலைவர் அடினாவரின் இசைவைத் தூதர்வழிப் பெற்றுக்கொண்டு, 1950 மே 9 மாலை ஷூமான் அதனை உலகறிய வெளியிட்டார். பிரிட்டன் விலகி நின்றது. பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லுக்சம்பர்க் ஆகிய ஆறும் 1951 ஏப்ரல் 18இல் கையெழுத்திட்டன. 1953இல் நிலக்கரியும் உருக்கும் அந்நாடுகளிடையே சுங்கமின்றிச் செல்லத் தொடங்கின.

அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே ஷூமான் அப்பதவியிலிருந்து அகன்றுவிட்டார். 1954 அக்டோபர் 18இல் வில்லியனூரையடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தபோது அமைச்சராயிருந்தவர்கள் வேறு சிலர். 1958இல் ஐரோப்பியப் பேரவையின் முதல் தலைவராகத் தேர்வு பெற்ற ஷூமான், மணம் புரியாதவர். மெட்சுக்கு அருகிலுள்ள சீ-ஷசேல் சிற்றூரில் புத்தகங்களுடன் வாழ்ந்து, 1963 செப்டம்பர் 4இல் காலமானார். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்து அப்போது ஓராண்டுதான் கடந்திருந்தது.