பிறருக்குக் கதவு திறந்தவர்

பாடசாலைக் கதவு தமக்கு அடைபட்டபோதும், பலருக்குக் கதவு திறந்த ஒருவரின் வரலாற்றை நாம் அறிவோம்.

அமெரிக்கப் பேஸ்போல் வீரர் பக் ஓநீல் 1911இல் புளோரிடாவில் பிறந்தார். இளமையில் சரசோட்டா நகரின் செலரித் தோட்டங்களில் உழைத்தார். கறுப்பினத்தவராதலால் அந்நகர் உயர்நிலைப் பாடசாலையில் அவருக்கு இடமில்லை. பேஸ்போல் பெருங்குழுக்களும் அந்நாளில் வெள்ளையருக்கே உரியன. ஆகவே 1938இல் கறுப்பினத்தவர் விளையாடிய கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் குழுவிற் சேர்ந்தார். 1948 முதல் 1955 வரை அதனை நெறிப்படுத்தினார்.

பின்னர் சிக்காகோ கப்ஸ் என்னும் பெருங்குழுவுக்காக ஊர்தோறும் சென்று இளந்திறமைகளைத் தேடினார். அவர் கண்டெடுத்த லூ புரொக், 1985இல் சிறந்த வீரர்க்குரிய புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். 1962இல் பெருங்குழுக்களின் முதற் கறுப்பினப் பயிற்றுநராகவும் ஓநீல் விளங்கினார். 1995இல் சரசோட்டாப் பாடசாலை அவருக்குச் சான்றிதழ் வழங்கியது.

2006இல் கறுப்பினப் பேஸ்போலுக்கு உழைத்த 17 பேர் புகழ் மண்டபத்துக்குத் தெரிவாகினர். அவர் பெயர் அதில் இல்லை. எனினும் 94 வயதில் விழா மேடையேறி அவர்களைப் போற்றினார். அவ்வாண்டே மறைந்தார். 2022இல் அப்பெருமை அவரையும் அடைந்தது.

பாடசாலையை இழந்து வந்தோர் நம்மிடையேயும் உளர். நாம் இழந்ததை நம் பிள்ளைகள் பெறச் செய்வதே நம் கடன்.