72 வயதில் வந்த புகழ்

இங்கிலாந்தில் டெலிவிஷன் ரசிகர்களுக்கு அந்தக் கிழவரை நன்றாகத் தெரியும். "டாட்ஸ் ஆர்மி" என்ற நகைச்சுவைத் தொடரில் காட்ஃப்ரி என்ற சிப்பாயாக வந்தவர். அவர் பெயர் ஆர்னால்ட் ரிட்லி.

1896-ம் ஆண்டு பாத் நகரில் பிறந்தார். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் படித்தார். முதல் உலகப் போரின்போது பட்டாளத்தில் சேர்ந்தார். 1916-ல் பிரான்சில், சோம் போர்க்களத்தில் படுகாயம் அடைந்தார். துப்பாக்கிக் கட்டையால் தலையில் அடி விழுந்தது. இடது கை ஏறக்குறையப் பயனற்றுப் போயிற்று.

ஊர் திரும்பியவர் நாடக மேடை ஏறினார். பழைய காயங்கள் விடவில்லை. நடிப்பை நிறுத்திவிட்டு நாடகம் எழுத உட்கார்ந்தார்.

பேய் ரயில்

ஒருமுறை மேங்கட்ஸ்ஃபீல்டு என்ற சிறிய ரயில் நிலையத்தில் அடுத்த ரயிலுக்காக நெடுநேரம் தனியே காத்துக் கிடந்தார். அந்த அனுபவமே "பேய் ரயில்" நாடகம் ஆயிற்று. 1925-ல் லண்டனில் அரங்கேறி, 655 முறை நடந்தது. பலமுறை சினிமாவாகவும் வந்தது.

பணம் வந்தது, நிலைக்கவில்லை. 1930-களில் சினிமாக் கம்பெனி தொடங்கினார். அது நொடித்தது. கடனை அடைக்கவே பல ஆண்டுகள் ஆயின.

1939-ல் மீண்டும் போர். மீண்டும் பிரான்சுக்குப் போனார். 1940-ல் உடல்நலம் கெட்டுத் திரும்பினார். பிறகு ஊர்க்காவல் தொண்டர் படையில் சேர்ந்தார்.

சின்ன வேடம்

அதே தொண்டர் படையை வைத்து 1968-ல் பி.பி.சி. எடுத்த தொடர்தான் "டாட்ஸ் ஆர்மி". அப்போது ரிட்லிக்கு வயது 72. வேடம் சின்னது. கடைச் சிப்பந்தியாக இருந்து ஓய்வு பெற்று, சகோதரிகளுடன் வாழும் சாதுவான கிழவர். அடிக்கடி ஒதுங்கப் போக அனுமதி கேட்பார். அதற்கே வீடுதோறும் சிரிப்பு எழுந்தது.

1969-ல் வந்த ஒரு கதையில், முதல் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர் என்று காட்ஃப்ரியைத் தோழர்கள் ஒதுக்குகிறார்கள். சோம் களத்தில் காயம்பட்டவர்களைத் தூக்கி வந்து பதக்கம் பெற்றவர் அவர் என்று பிறகு தெரிந்து வெட்கப்படுகிறார்கள். வேடம் கற்பனை. நடித்தவரோ அதே களத்தில் ரத்தம் சிந்தியவர்.

1977-ல் தொடர் முடிந்தபோது அவருக்கு வயது 81. 1982-ல் அரசு ஓ.பி.இ. விருது வழங்கியது. 1984 மார்ச் 12-ந் தேதி, 88-வது வயதில் காலமானார்.