அஞ்சல்தலைச் செல்வர் பெராரி

பட்டத்தைத் துறந்து, பெருஞ்செல்வத்தைச் சிறு காகிதத் துண்டுகளின்பொருட்டு வாரியிறைத்தவர் பிலிப் பெராரி. இவர் 1850-ஆம் ஆண்டு பாரிசு மாநகரிற் கல்லியேராப் பிரபுவின் மைந்தராகப் பிறந்தார். இளமையிலேயே அஞ்சல்தலை தேடும் வேட்கை இவரைப் பற்றிக்கொண்டது.

1878-இல் இவர் வாங்கிய தலையொன்றின் வரலாறு நம்மவர் அறியத்தக்கது. சென்னைக் கரையினின்று 1845 முதல் ஏழை மக்கள் பலர் கூலியாட்களாய்க் கப்பலேறிச் சென்றிறங்கிய பிரிட்டிஷ் கயானாவே அதன் பிறப்பிடம். 1856-இல் இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய தலைகள் வந்துசேராமையால், ஜார்ஜ்டவுனிலிருந்த பத்திரிகை அச்சகத்திலேயே அவசரமாக அடித்தனர். கடிதத்திற்கு நான்கு சென்டு. செய்தித்தாளுக்கு ஒரு சென்டு. கடிதத்தைப் பேணுவார் உளர். செய்தித்தாளின் மேற்சுற்றைக் கிழித்தெறியாதார் யார்? (இவ்விதழின் மேற்சுற்றுக்கும் நம் இல்லங்களில் அதே கதிதான்.) ஆதலின் ஒரு சென்டுத் தலைகளுள் இன்று உலகறிய எஞ்சியது ஒன்றே. மூலைகள் வெட்டுண்ட அச்செந்நிறத் துண்டினை 1873-இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் வான் என்பான் வீட்டுப் பழங்கடிதங்களிடையே கண்டெடுத்து, ஆறு ஷில்லிங்குக்கு விற்றான்.

தம் சேகரத்தை யாவருங் காணும்படி பெர்லின் அஞ்சற் பொருட்காட்சிச்சாலைக்கு எழுதிவைத்தார் பெராரி. முதல் உலகப்போர் மூண்டது. 1917-இல் அவர் சுவிட்சர்லாந்திற் காலமானார். பாரிசிலிருந்த சேகரத்தைப் பிரெஞ்சு அரசினர் பகைவர் உடைமையெனக் கைப்பற்றி, 1921 முதல் 1925 வரை பதினான்கு ஏலங்களில் விற்றனர். கயானாத் தலையை 1922-இல் அமெரிக்கச் செல்வர் ஹிண்டு 7,343 பவுனுக்குக் கொண்டார். ஏலப்பணம் ஜெர்மனி செலுத்தவேண்டிய போர்த்தண்டக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.