அடிப்பாறையைத் தேடி நடந்த மனுஷன்

விருத்தாசலத்துல பஸ் ஏறி கம்மாபுரம் பக்கம் போயிருக்கீங்களா? ஜன்னல் வழியா எவ்வளவு தூரம் பார்த்தாலும் வயலும் தட்டை நிலமும்தான். ஒரு குன்று கூட கண்ணில் படாது. ஆனா ஊர்ப் பேரைக் கவனிங்க. விருத்தாசலம், பழமலை, முதுகுன்றம். மூணுக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: பழைய மலை. மற்ற மலைகளுக்கெல்லாம் முன்னால் தோன்றிய மலை இது என்பது தலபுராணக் கதை.

கதை இருக்கட்டும். இந்த வட்டாரத்தில் நீங்க கீழே தோண்டிக்கிட்டே போனா கடலூர் மணற்கல் வரும், களிமண் வரும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி வரும். அதுக்கும் கீழே பழைய கடல் படிவுகள். எல்லாத்துக்கும் அடியில் நைஸ், சார்னோகைட் என்ற கெட்டிப் பாறை, 250 கோடி ஆண்டு வயதுக் கணக்கில் பேசப்படுவது. சேலம் பக்கம் மலையாக நிற்கும் அதே இனம்தான் இங்கே தரைக்கடியில் படுத்திருக்கு. நிஜமான பழமலை அதுதான்.

அந்த அடிப்பாறை எங்கே வெளியே தலைகாட்டுது, எங்கே படிவுகளுக்குள் மறையுது என்று தென்னிந்தியா முழுக்க நடந்தே குறித்தவர்களில் ஒருவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1834இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்தவர். 1858இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தபோது அவருக்கு வயசு 24. ஏறக்குறைய நம்ம ஃபைனல் இயர் சீனியர் வயசு.

அவரை உங்களுக்கு வேறொரு விஷயமாத் தெரிஞ்சிருக்கும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை மண்ணிலிருந்து ஒரு கல் கோடரியை எடுத்தவர் அவர்தான். சில மாதம் கழிச்சு, நண்பர் வில்லியம் கிங்கோடு அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். மனிதன் அவ்வளவு பழையவன் என்பதை ஐரோப்பிய அறிஞர்களே ஏற்க ஆரம்பிச்சு அப்போ நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. அத்திரம்பாக்கக் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011இல் தெரிய வந்தது. பாடப்புத்தகம் அவரைப் பற்றி அதோடு நிறுத்திக்கும். ஆனா அவர் சம்பளம் வாங்கியது கோடரி தேட இல்லை, பாறை வரைபடம் போட.

1864இல் அவரும் கிங்கும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில் திருச்சி, சேலம் மாவட்டங்களோடு நம்ம பழைய தென்னாற்காடும் உண்டு. பிறகு கிங் கடப்பைப் பக்கம் போனார். அவரது கடப்பை அறிக்கை 1872இல் வந்தது. ஃபூட் வடமேற்கே போய், 1876இல் தென் மராட்டியப் பகுதி பற்றி எழுதினார். கலாட்கி, பீமா என்ற இரண்டு படுகைகளும் அதில் வருது. பழைய கிரானைட், நைஸ் மேல் மணற்கல்லும் சுண்ணாம்புப் பாறையும் போர்வை மாதிரி விரிஞ்சு கிடக்கும் இடங்கள் அவை. போர்வையும் கட்டிலும் தொடுகிற கோட்டுக்கு அன்கன்ஃபார்மிட்டி என்று பேர். கோட்டுக்கு மேலே ஒரு காலம், கீழே ஒரு காலம். நடுவில் கோடிக்கணக்கான வருஷம் காணாமப் போயிருக்கும்.

அந்தக் கோட்டில் என்ன ஒளிஞ்சிருக்குன்னு அவருக்குத் தெரிய வழியில்லை. 1891இல் அவர் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். யுரேனியத்தின் கதிர்வீச்சை பெக்கரல் கண்டது 1896இல். பல பத்தாண்டு கழிச்சு, அதே பீமா படுகையில் யாத்கிர் மாவட்டத்தின் கோகியில், சுண்ணாம்புப் பாறையும் அடியிலுள்ள கிரானைட்டும் ஒரு பிளவையொட்டி நொறுங்கிக் கிடந்த இடத்தில் யுரேனியத் தாது கிடைத்தது. கிங் நடந்த கடப்பைப் படுகையில் தும்மலப்பள்ளே சுரங்கமே வந்தாச்சு.

கெமிஸ்ட்ரி சிம்பிள்தான். கிரானைட்டில் யுரேனியம் துளித்துளியா இருக்கும். ஆக்சிஜன் கலந்த நீர் அதைக் கரைச்சு எடுத்துக்கிட்டு விரிசல்கள் வழியா நகரும். ஆக்சிஜன் இல்லாத, கரிமப்பொருளோ பைரைட்டோ இருக்கிற இடத்துக்கு வந்ததும் கரைந்தது மறுபடி திடமாகிப் படியும். கனடாவின் அத்தபாஸ்கா படுகையில் உலகத்தின் மிகச் செறிவான தாது கிடைப்பதும் அடிப்பாறையும் படிவும் தொடுகிற இடத்தையொட்டித்தான்.

அடிப்பாறை எல்லாம் ஒண்ணுதான் என்றும் ஃபூட் விட்டுடலை. நைஸிலிருந்து வேறான, தங்கம் தாங்கும் பாறைத் தொகுதியைப் பிரிச்சுக் காட்டி, 1880களின் கடைசியில் தார்வார் என்று பேர் வைத்தார். அது நைஸுக்குப் பிந்தியது என்பது அவர் கணிப்பு. அடுத்து மைசூரில் வந்தவர்கள் அதைத் தலைகீழாக்கி, தார்வார்தான் மூத்தது என்றார்கள். பின்னாளைய ஆய்வுகளோ தார்வாரின் பெரும்பகுதிக்கு அடியில் அதைவிடப் பழைய நைஸ் இருப்பதைக் காட்டின. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

இதையெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்? யுரேனியம் கிடைத்த ஊர்களில் இப்போ கேள்வி வேற. தோண்டலாமா, எங்க கிணத்துத் தண்ணி என்ன ஆகும்னு ஊர்க்காரங்க கேக்கறாங்க. நிலக்கரிக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்தக் கேள்வி புதுசில்லை. பழைய வரைபடம் அதுக்குத் தீர்ப்பு சொல்லாது. ஆனா நீர் எந்தப் பாறையில் ஓடுது, எந்த விரிசலில் இறங்குதுன்னு தெரியாம தோண்டுறவரும் பேச முடியாது, தடுக்கிறவரும் பேச முடியாது. அந்தப் பேச்சுக்கான முதல் பக்கத்தை எழுதினது இவங்க கால்நடைதான்.

ஃபூட்டின் மாமனார் பீட்டர் பெர்சிவல், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு பணிபுரிந்து, தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர். அந்தக் குடும்பத்துக்கு ஏற்காடுதான் ஊர். ஓய்வுக்குப் பிறகும் ஃபூட் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்குப் பாறை பார்த்துக் கொடுத்தார். சேர்த்த கற்கருவிகள் 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கு. அங்கே அடிப்பாறையைத் தோண்டித் தேட வேண்டாம், மலையே அதுதான்.

அடுத்த தடவை விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஜாடியைக் கையில் எடுத்தா ஒரு நொடி யோசிங்க. வெள்ளைக் களிமண் என்பது ஃபெல்ட்ஸ்பார் மக்கி வந்தது. ஃபெல்ட்ஸ்பார் அந்த மாதிரிப் பழைய பாறையிலிருந்து வந்தது. ஊர்ப் பேர் பொய் சொல்லலை. பழைய மலை இங்கேதான் இருக்கு. கொஞ்சம் காலுக்குக் கீழே, கொஞ்சம் உங்க கையில.