சிரிப்பை எழுதிய கை

வானொலியில் பேசுபவரை நாடறியும். பேச்சை எழுதித் தந்தவரை அறிவோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் டெட் கேவனா.

1892-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பிறந்தார். மருத்துவம் பயிலப் பிரிட்டன் சென்றவரை எழுத்து ஈர்த்தது. நகைச்சுவை நடிகர் டாமி ஹாண்ட்லிக்காக எழுதலானார்.

1939-இல் போர் மூண்டது. நகரங்கள் இருளில் ஆழ்ந்தன. அவ்வாண்டு பி.பி.சி. தொடங்கிய 'இட்மா' என்னும் தொடர் மக்களைச் சிரிக்க வைத்தது. அன்றாடச் செய்திகளையும் அரசு அலுவலகங்களின் ஆணைகளையும் கேவனா நகைப்புக்கு உள்ளாக்கினார். கதவு திறக்கும் ஓசை கேட்கும். துப்புரவுப் பெண் திருமதி மாப் வருவாள். எதைச் சொன்னாலும் மதுவருந்த அழைப்பதாகக் கொள்வார் கர்னல் சின்ஸ்ட்ராப். தொலைபேசியில் மிரட்டுவான் ஒற்றன் ஃபுன்ஃப். முகம் தெரியாத வானொலியில், வழக்கமான ஒரு தொடரைக் கேட்டதுமே ஆள் இன்னாரென்று நேயர்கள் அறிந்தனர். அஞ்சி நடுங்க வேண்டிய ஒற்றனையே கேலிப் பொருளாக்கியதால் அச்சம் குறைந்தது. 1942-இல் அரச குடும்பத்தின் முன்னிலையிலும் இந்நிகழ்ச்சி நடந்தது.

1949 சனவரியில் ஹாண்ட்லி மறைந்தார். முந்நூறு நிகழ்ச்சிகளைக் கடந்த தொடரும் அவரோடு முடிந்தது. அவ்வாண்டே நண்பரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார் கேவனா. 1958-இல் அவரும் மறைந்தார்.

குண்டுகளுக்கு நடுவே ஒரு நாட்டைச் சிரிக்க வைத்ததும் தொண்டே அன்றோ!