வங்கிக்குள் ஒரு குழந்தைக் கவிஞர்

சிராங்கூன் சாலைப் பக்கம் பாலர் பள்ளிக்குப் போனவர்களானாலும், தெம்பனிஸில் போனவர்களானாலும், நாம் கைதட்டிப் பாடிய முதல் தமிழ்ப் பாட்டுகளில் ஒன்றாவது அழ. வள்ளியப்பாவுடையதாக இருக்கும். பாட்டு நினைவிருக்கிறது; எழுதியவரைத்தான் பலருக்குத் தெரியாது.

புதுக்கோட்டைச் சீமையில் இராயவரம் என்ற ஊரில் 1922 நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே பாட்டுக் கட்டும் பழக்கம் உண்டு. 1940-இல் சென்னைக்கு வந்து, வை. கோவிந்தனின் சக்தி காரியாலயத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 'சக்தி' ஆசிரியர் தி.ஜ.ர. அவரை எழுதத் தூண்டினார். மறு ஆண்டே இந்தியன் வங்கியில் வேலை கிடைத்தது.

நம்மில் பலருடைய கற்பனை விடைபெற்றுக்கொள்வது இந்த இடத்தில்தான். பட்டம், வேலை, ராஃபிள்ஸ் பிளேஸ் செல்லும் ரயில், களைப்பு! வள்ளியப்பாவோ 1982-இல் ஓய்வு பெறும்வரை வங்கியில் இருந்துகொண்டே எழுதினார். 1944-இல் 23 பாடல்களுடன் 'மலரும் உள்ளம்' வெளிவந்தது. பிறகு பாடல்கள் இரண்டாயிரத்தைத் தாண்டின. குழந்தைக்கு எழுதுவது எளிது என்பார்கள். பிடிக்காத பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடும் வாசகருக்கு எழுதுவதா எளிது?

தாம் மட்டும் எழுதினால் போதாது என்று 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். ஓய்வுக்குப் பின் 'கோகுலம்' இதழுக்கு ஆசிரியரானார்.

1989 மார்ச் 16. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆட்சிக்குழுக் கூட்டம். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைக்க வேண்டுமென்று பேசிவிட்டு அமர்ந்தவர், சற்று நேரத்தில் மயங்கிச் சாய்ந்தார். அன்றே உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.